செஸ் நிரலை ஏன் பகிர்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள்?

சென்னை பாடியில் வளர்ந்த செஸ் வீரர் பிரக்ஞானந்தா முகப்பேர் வேலம்மாள் பள்ளியில் படித்தவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ், அதே குழுமத்தின் மேல் அயனம்பாக்கம் பள்ளியில் படித்தவர். இந்தப் பகுதியில் மாலை நேரச் செஸ் வகுப்புக்குப் போகும் ஒரு பிள்ளை, தான் தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்வு தப்பு என்று தெரிந்துகொள்ள இன்று திறப்பது பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினைத்தான். உலகில் எந்த மனிதரையும் தோற்கடிக்கக்கூடிய அந்த மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே நிபந்தனையில் மற்றவருக்கும் தரலாம். 2000களின் நடுப்பகுதியில் நிலைமை இப்படி இல்லை. அன்றைய முன்னணி என்ஜின்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த மாற்றத்தின் இரு பக்கத்திலும் நின்றவர்களில் பலர், சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவிலும் விடுமுறையிலும் செஸ் நிரல் எழுதியவர்கள். அவர்களில் சிலர் எழுதியதை அப்படியே ஊருக்குக் கொடுத்தார்கள். சிலர் இயங்கு கோப்பை மட்டும் கொடுத்து மூல நிரலைப் பூட்டிக்கொண்டார்கள். சிலர் எதையுமே வெளியே விடவில்லை. ஒரே ஆர்வம், ஒரே வகை உழைப்பு, ஆனால் முடிவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? கணினிச் செஸ் தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. தாராளம், கஞ்சத்தனம் என்று குணத்தை வைத்துச் சொல்லும் விடைதான் எல்லோர் வாயிலும் முதலில் வருவது. அது மிகக் குறைவாகவே விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கருத்தைக் கொடுத்தவர்கள், நிரலைக் கொடுத்தவர்கள்

கணினிக்குச் செஸ் ஆடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை 1950இல் வெளிவந்தது. ஆலன் டூரிங் தாள் மேல் எழுதிய நிரலை வைத்து 1952இல் தன் சக ஊழியருடன் ஆடிப் பார்த்தார். அந்தத் தலைமுறைக்கு இது ஆராய்ச்சி. கண்டறிந்ததை வெளியிடுவது ஆராய்ச்சியின் வழக்கம் என்பதால், பகிரலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கேள்வி எழுந்தது கணினி வீட்டுக்குள் வந்த பிறகு. 1978இல் டான், கேத்தி ஸ்ப்ராக்லன் தம்பதி எழுதிய சார்கன், கலிபோர்னியாவில் ஒரு கணினிக் கண்காட்சியையொட்டி நடந்த போட்டியில் வென்றது. அவர்கள் முதலில் விற்றது நிரலின் அச்சுப் பிரதியைத்தான். பிறகு அது வரிக்கு வரி விளக்கத்துடன் புத்தகமாகவே வந்தது. காசுக்கு விற்றார்கள், ஆனால் மறைக்கவில்லை. விற்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1980களில் தனிச் செஸ் கணினிகள் பெருவணிகமானபோதுதான் மறைப்பு வழக்கமானது. அதே பத்தாண்டில், 1984இல், மூல நிரலைத் திறந்து வைத்த குனு செஸ் திட்டமும் தொடங்கியது.

இரண்டுக்கும் இடையில் ஒரு நடுவழியும் இருந்தது. அதன் சிறந்த பிரதிநிதி ராபர்ட் ஹயாட். இவருடைய க்ரே பிளிட்ஸ் 1983இலும் 1986இலும் கணினிச் செஸ் உலகப் பட்டத்தை வென்றது. அடுத்து எழுதிய கிராஃப்டியின் மூல நிரலை அவர் 1990களில் வெளியே வைத்தார். படிக்கலாம், சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை எடுத்துத் தன் என்ஜின் என்று போட்டிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறிப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிக்கு வந்த கிராஃப்டி நகல்கள் ஒன்றிரண்டல்ல. மறைப்பதே பத்திரம் என்று வாதிடுவோர் இன்றும் சுட்டிக்காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

மறைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள்

வெளிப்படையான காரணம் போட்டி. இரண்டு என்ஜின்களுக்கு இடையே வித்தியாசம் ஒரு நல்ல யோசனைதான் என்றால், அந்த யோசனையை வெளியே சொல்வது எதிராளிக்குக் காய் கொடுப்பது போலத்தான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. முக்கியமான யோசனைகளில் பல மூல நிரல் வழியாகப் பரவவில்லை. தேடலை வெகுவாகச் சுருக்கும் ‘நல் மூவ்’ உத்தியைக் கிறிஸ்டியன் டோனிங்கர் 1993இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார். நிரலைப் பூட்டினாலும் கருத்து கசிந்துவிடும். எனவே பூட்டினால் மிஞ்சுவது சில மாத முன்னிலைதான்.

அதிகம் பேசப்படாத காரணம் கூச்சம். தனக்காக எழுதிய நிரலில் பாதி, ஆண்டுக்கணக்கில் ஒட்டுப் போட்டது. வேலை செய்யும், ஏன் வேலை செய்கிறது என்று எழுதியவருக்கே நிச்சயம் இருக்காது. அதை நாலு பேர் படிக்கக் கொடுப்பது சுலபமல்ல. பகிர மறுப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று பேசுவோர் இந்தக் கூச்சத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்றாவது காரணம் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் ஸ்டெஃபான் மேயர்-காலனும் ரூடால்ஃப் ஹூபரும் யூசிஐ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டனர். என்ஜினும் பலகையும் பேசிக்கொள்ளும் மொழி அது. அதைப் பின்பற்றினால் பொழுதுபோக்காக எழுதுபவர் பலகை, காய், பொத்தான் எதையும் வரைய வேண்டியதில்லை. மூளையை மட்டும் எழுதி இயங்கு கோப்பாகக் கொடுத்தால் போதும், தரவரிசைப் பட்டியல் நடத்தும் ஆர்வலர்கள் அதைத் தங்கள் கணினியில் ஆடவிட்டு மதிப்பெண் போடுவார்கள். ‘இலவசம், ஆனால் பூட்டியது’ என்ற வகை பெருகியது இப்படித்தான். எழுதியவருக்கு வேண்டிய அங்கீகாரம் மூல நிரலைத் தராமலே கிடைத்துவிட்டது.

நான்காவதாக உள்ளதுதான் மிக ஆழமானது என்று கருதத் தோன்றுகிறது: இது நான் எழுதியது என்ற பெயர். சம்பளம் இல்லாத வேலையில் கிடைக்கும் ஒரே கூலி அதுதான். நிரலை எடுத்துக்கொள்வதால் எழுதியவருக்குப் பண நட்டம் இல்லை. ஆனால் இன்னொருவர் அதன்மேல் தன் பெயரை ஒட்டும்போது எழுதியவர் பெற்ற முழுக் கூலியும் போய்விடுகிறது.

ஃப்ரூட்டும் ரிப்காவும்

இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மோதிய வழக்கு ஒன்று உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ஃபேபியன் லெட்டூசி 2004இல் ஃப்ரூட் என்ற என்ஜினை வெளியிட்டார். 2005இல் வந்த 2.1 பதிப்பு ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் மூல நிரலுடன் வந்தது. அதன் வலிமையைவிட எழுத்துநடையே பலரை ஈர்த்தது. வலிமையான என்ஜின் குழப்பமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை அந்தத் தெளிவான நிரல் உடைத்தது. அதே ஆண்டு ரேக்யவிக்கில் நடந்த உலகப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் அடுத்த பதிப்பை லெட்டூசி பூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பகிர்பவர், மறைப்பவர் என்று மனிதர்களை இரண்டு சாதியாகப் பிரிக்க முடியாது என்பதற்கு இந்த ஓராண்டே போதும்.

2005 டிசம்பரில் வாசிக் ராய்லிக்கின் ரிப்கா வந்து எல்லோரையும் முந்தியது. மூல நிரல் பூட்டியது மட்டுமல்ல, எத்தனை நிலைகளை அலசினேன், எவ்வளவு ஆழம் போனேன் என்று அது திரையில் காட்டிய எண்களும் உண்மையானவை அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. 2007இல் புனைபெயரில் ஸ்ட்ரெல்கா என்ற என்ஜின் வெளியானது. அது ரிப்காவின் முதல் பதிப்பைப் பிரித்துப் பார்த்து எழுதப்பட்டது என்று கூறி, அதன் நிரல் தன்னுடையதே என்று ராய்லிக் உரிமை கோரினார். அந்தக் கோரிக்கையே பிறகு அவருக்கு எதிராகத் திரும்பியது. ஸ்ட்ரெல்காவில் ஃப்ரூட்டின் சாயல் தெளிவாக இருந்தது. ஸ்ட்ரெல்கா ரிப்கா என்றால், ரிப்காவுக்குள் ஃப்ரூட் எப்படி வந்தது?

2011இல் லெட்டூசி பகிரங்கக் கடிதம் எழுதினார். கணினிச் செஸ்ஸுக்கான சர்வதேச அமைப்பான ஐசிஜிஏ விசாரணைக் குழு அமைத்தது. ஹயாட் அதை நடத்தியவர்களில் ஒருவர். ரிப்காவின் 2007 முதல் 2010 வரையிலான உலகப் பட்டங்கள் பறிக்கப்பட்டன. ராய்லிக்குக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. வரிக்கு வரி நகலா, வெறும் கருத்துச் செல்வாக்கா என்பதில் நிரலாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். தடை விதித்த முறையை உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நெறிமுறைக் குழு 2015இல் குறை கூறியது. பட்டங்கள் திரும்பி வரவில்லை. இதற்கு முன்பே 2009இல் இப்போலிட் என்ற என்ஜின் பெயர் தெரியாதவர்களால் மூல நிரலோடு வெளியே வீசப்பட்டிருந்தது. அது ரிப்கா 3ஐப் பிரித்தெடுத்தது என்பது ராய்லிக் தரப்பின் குற்றச்சாட்டு.

இந்த வரலாற்றை இரண்டு விதமாகவும் படிக்கிறார்கள். திறந்து வைத்ததால்தான் ஃப்ரூட் திருடப்பட்டது என்பது ஒரு வாசிப்பு. பூட்டி வைத்ததால்தான் உண்மை தெரிய ஐந்தாண்டுக்கு மேல் ஆனது என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்புக்கே வலு அதிகம். ஃப்ரூட் திறந்திருந்ததால் அதன் தேதியும் எழுத்தும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன, ஒப்பிட ஒரு மூலம் கிடைத்தது. பூட்டிய இரண்டு நிரல்களுக்கு இடையே இப்படி ஒரு திருட்டு நடந்திருந்தால் அதை நிறுவுவது மிகக் கடினமாக இருந்திருக்கும். எழுதியவரின் பெயரைக் காக்கவே மறைக்கிறோம் என்ற வாதம் இங்கேதான் தளர்கிறது. இன்று ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பொதுவில் பதிவாகும் முறை பரவிய பிறகு, ‘முதலில் எழுதியது யார்’ என்ற கேள்விக்கு மூடிய பெட்டியைவிடத் திறந்த ஏடே நல்ல சாட்சி.

சோதனைக்கு ஆகும் செலவு

குணம், கொள்கை எல்லாவற்றையும்விடப் பகிர்வைத் தூண்டியது ஒரு நடைமுறைத் தேவை. நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற திறந்த என்ஜினை எடுத்து, இத்தாலியின் மார்க்கோ கோஸ்டால்பா 2008இல் ஸ்டாக்ஃபிஷைத் தொடங்கினார். ரோம்ஸ்டாட்டும் பின்லாந்தின் ஜூனா கீஸ்கியும் சேர்ந்துகொண்டனர். சில ஆண்டுகள் அது நல்ல என்ஜின்களில் ஒன்று, அவ்வளவுதான். 2013இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது.

காரணம் எளிது. வலிமையான என்ஜினில் ஒரு சிறு மாற்றம் தரும் பலன் மிகச் சிறியது. அது பலனா, தற்செயலா என்று பிரித்தறியப் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆட வேண்டும். வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவருக்கு ஒரு யோசனையைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைத் தந்தால் அதே சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் பூட்டிய நிரலுக்காக யார் மின்கட்டணம் கட்டுவார்கள்? திறந்திருந்தால்தான் அந்த உதவி வரும். 2017இல் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாசீரோ என்ற என்ஜினை அறிவித்து, அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. அதன் முறையைப் பொதுவில் மறுபடி செய்துகாட்ட 2018இல் தொடங்கிய லீலா செஸ் சீரோவும் தன்னார்வலர் கணினிகளின் பலத்தில்தான் வளர்ந்தது.

வலிமை ஒருவரின் மூளையில் உதித்த யோசனையில் இருந்தவரை மறைப்பதில் லாபம் இருந்தது. அது சோதனை நேரத்துக்கும் பயிற்சித் தரவுக்கும் இடம் மாறியதும் பகிர்வதில் லாபம் வந்துவிட்டது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018இல் வடிவமைத்த என்என்யூஇ என்ற நரம்பு வலைப்பின்னல், ஹிசாயோரி நோடா வழியாகச் செஸ்ஸுக்கு வந்து, 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12இல் இடம்பெற்றது. வேறொரு விளையாட்டிலிருந்து, வேறொரு நாட்டிலிருந்து வந்த அந்த உதவியைப் பூட்டிய என்ஜின் ஏதாவது இவ்வளவு வேகமாகப் பெற்றிருக்குமா என்பது சந்தேகமே.

ஆனாலும் இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. உச்சியில் போட்டியிடும் என்ஜினுக்கு இது பொருந்தும். முந்நூறாவது இடத்தில் இருக்கும், ஒருவர் மட்டும் எழுதும் என்ஜினுக்கு யாரும் கணினி நேரம் தரப்போவதில்லை. இவர்களிலும் பலர் இன்று நிரலைத் திறந்தே வைக்கிறார்கள். இவர்களுக்குக் கற்ற கடனைத் தீர்க்கும் உணர்வு காரணமாக இருக்கலாம். ஹார்ம் முல்லர் தன் மைக்ரோ-மேக்ஸ் என்ற மிகச் சிறு நிரலை முழு விளக்கத்துடன் கொடுத்தது போட்டியில் வெல்வதற்காக அல்ல. அதைப் படித்துச் செஸ் நிரல் கற்றவர்கள், தாங்கள் எழுதியதை மறைக்கத் தயங்குவது இயல்பு.

நிரல் யாருடையது: அம்பத்தூர்ப் பொறியாளரின் கேள்வி

மேற்கத்திய விவாதங்களில் அதிகம் இடம்பெறாத, ஆனால் நம் ஊரில் முதலில் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி உண்டு. முகப்பேரிலோ அம்பத்தூரிலோ வசிக்கும் மென்பொருள் ஊழியர் ஒருவர் இரவில் செஸ் நிரல் எழுதினால், அதைப் பகிரும் உரிமை அவரிடம் இருக்கிறதா?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. பிரிவு 17, வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது. செஸ் என்ஜின் எழுதுவது வங்கி மென்பொருள் ஊழியரின் வேலையின் போக்கில் வராது என்று வாதிடலாம். ஆனால் பணி ஒப்பந்தங்கள் சட்டத்தைவிட அகலமாக வலை விரிப்பது உண்டு. பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்ற வரியில் கையெழுத்துப் போட்டவர், அலுவலக மடிக்கணினியில் ஒரு வரி எழுதியிருந்தாலும் தயங்குவார். 2022இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியதாக விப்ரோ அறிவித்தது. பொழுதுபோக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட செய்தி, வேலைக்கு வெளியே தன் பெயரில் எதையும் பொதுவில் வைக்க அஞ்சும் மனநிலையை வளர்க்கும். சிலர் நிரலைத் தங்களிடமே வைத்துக்கொள்வதற்குக் கஞ்சத்தனம் காரணமாகத் தெரியலாம். உண்மைக் காரணம் வேலை போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்களை எண்ணிச் சொல்ல வழியில்லை, வெளியே வராத நிரல் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது.

அதே சட்டத்தின் பிரிவு 52, முறையாகப் பெற்ற நிரலை இயக்கி, கவனித்து, அதன் அடியில் உள்ள கருத்துகளை அறிவதை மீறலாகக் கொள்வதில்லை. கருத்தை எடுக்கலாம், எழுத்தை எடுக்கக் கூடாது. ரிப்கா விவாதம் முழுவதும் இந்தக் கோட்டின்மீதுதான் நடந்தது.

தமிழ் மென்பொருளில் இதே கேள்வி

இந்த இரு வழிகளையும் தமிழர்கள் வேறொரு துறையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள், மூல நிரல் பூட்டிய தயாரிப்பாகவே வளர்ந்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். எ-கலப்பை என்ற கட்டற்ற தட்டச்சு மென்பொருள், தொடங்கியவர் கையைவிட்டு மற்றவர் கைக்கும் போனது. ஒருவர் தொடர்ந்து கவனித்துவந்த பூட்டிய மென்பொருள் நீடித்தது, பலர் கைமாறிய திறந்த மென்பொருளும் நீடித்தது. காணாமல் போனவை, ஒருவர் மட்டும் வைத்திருந்து, அவர் ஓய்ந்ததும் யாரிடமும் மூல நிரல் இல்லாமல் போனவைதான். பழைய குறியாக்கத்தில் மாட்டிக்கொண்ட தமிழ்க் கோப்புகளோடு மல்லாடியவர்களுக்கு இந்த இழப்பின் கனம் தெரியும். 1990களின் செஸ் என்ஜின்கள் பலவற்றுக்கும் இதே கதி. இயங்கு கோப்பு மட்டும் எங்கோ கிடக்கும், எழுதியவரின் எண்ணம் போய்விட்டது. மறைப்பதற்கு எதிரான வாதங்களில் போட்டி, நீதி பற்றியவற்றைவிட இதுவே வலுவானது.

ரகசியம் போன இடம்

என்ஜின் எல்லோருக்கும் பொதுவானதும் செஸ்ஸில் ரகசியம் ஒழிந்துவிடவில்லை. 2010இல் சோஃபியாவில் ஆனந்தும் தொபலோவும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, தொபலோவ் தரப்புக்கு அப்போது வெளியாகாத ரிப்கா 4, 112 கோர் கொண்ட கணினித் தொகுப்பில் தனியாகக் கிடைத்தது என்று ஆனந்த் தரப்பு பிறகு சொன்னது. ஆனந்த் 6.5–5.5 என்று வென்றார். அன்று ரகசியம் நிரலில் இருந்தது. இன்று இருவரிடமும் ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறது. ரகசியம் இப்போது தொடக்க நகர்வுகளின் தயாரிப்புக் கோப்பில் இருக்கிறது. எந்த நிலையை எவ்வளவு நேரம் அலசச் சொன்னோம், எந்த நகர்வை எதிராளிக்காகச் சேமித்து வைத்திருக்கிறோம் என்பதை எந்தப் பயிற்சியாளரும் வெளியே சொல்ல மாட்டார். குகேஷுக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் அவரை என்ஜினிலிருந்து விலக்கியே வைத்திருந்தார் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. கருவி எல்லோருக்கும் கிடைக்கும்போது அதை எப்போது தொடுவது என்பதே ஒரு பயிற்சி முறையாகிவிடுகிறது.

தீராதவை

ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 2021இல் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற பெயரில் விற்ற என்ஜின், பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷே என்றும் உரிம நிபந்தனைகள் மீறப்பட்டன என்றும் ஸ்டாக்ஃபிஷ் குழு மியூனிக் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களை ஓராண்டு விற்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொழுதுபோக்காக எழுதுபவர்களின் உரிமத்துக்கும் பல் உண்டு என்று காட்டியதில் இது முக்கியமானது. ஆனால் சமரசம் தீர்ப்பு அல்ல. ரிப்கா விவகாரமும் ஓர் அமைப்பின் விசாரணையாகவே முடிந்தது. கருத்து எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதைச் செஸ் நிரலை வைத்து ஒரு நீதிமன்றம் விரிவாகச் சொல்லக் கிடைத்த இரண்டு வாய்ப்புகளும் இப்படிக் கடந்துவிட்டன.

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: வலிமைக்காக மறைப்பது பெருமளவு அர்த்தம் இழந்துவிட்டது, பெயருக்காக மறைப்பது முன்பைவிடப் பலவீனமான வாதம், கூச்சத்தாலும் வேலை பற்றிய பயத்தாலும் மறைப்பது எவ்வளவு என்பது அளக்கப்படாமலே இருக்கிறது. இதில் பயத்துக்காவது நிறுவனங்கள் ஒரு தெளிவான வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து முடிவு கட்டலாம்.

வலைப்பின்னல் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. இன்றைய என்ஜினின் அறிவில் பெரும்பகுதி மனிதர் எழுதிய வரிகளில் இல்லை, பயிற்சியில் உருவான கோடிக்கணக்கான எண்களில் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷின் வலைப்பின்னல்கள் லீலாவின் பொதுத் தரவைக் கொண்டும் பயிற்றப்பட்டவை. ஒருவர் தன் நிரலைத் தானே எழுதி, வலைப்பின்னலை மட்டும் இன்னொரு என்ஜினின் மதிப்பீடுகளைக் கொண்டு பயிற்றினால், அந்த என்ஜின் அவருடையதா? சில போட்டி நடத்துநர்கள் இதற்குத் தற்காலிக விதிகள் வைத்திருக்கிறார்கள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அந்த எண்களுக்கு ஓர் ஆசிரியர் உண்டா என்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நிரலைத் திறந்து வைத்துவிட்டு வலைப்பின்னலை எப்படிப் பயிற்றினேன் என்பதை மட்டும் வெளியே சொல்லாத ஒருவரைப் பகிர்பவர் கணக்கில் சேர்ப்பதா, மறைப்பவர் கணக்கில் சேர்ப்பதா என்பதற்கு, பழைய வாதங்கள் எதிலும் விடை இல்லை.